ஆறுமணிக் குருவியும் உடவத்தைக் காடும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழர், ஐப்பசி கார்த்திகை என்னும் இரு திங்களையும் கூதிர் என வழங்கினர். ஏறத்தாழ இதே காலத்தை மேல்நாட்டார் இலையுதிர்காலம் என்பர். அங்கே மரங்கள் பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு இலைகளைச் சொரிகின்றன. ஆதலின் அப்பெயர் அவர்க்குப் பொருந்தும். நம் கண்டி மலைச்சாரலிலோ ஐப்பசியில் உதிர்வது இலையன்று, மழையே. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்நாள்களிற் காலை தெளிவாக விடியும். உச்சி கடந்ததும் முகில் திரளும். மாலையில் இடியோடு மழை கொட்டும். இத்தகைய நிலத்திற் பருவம் மாறியதை மரத்தைப் பார்த்து அறிதல் அரிது. பறவையைக் கேட்டே அறிதல் வேண்டும்.

அவ்வாறு அறிவிக்கும் பறவைகளுள் முதன்மையானது ஆறுமணிக் குருவி. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரண்டு அசையுள்ள சீழ்க்கையொலி ஒன்றை எழுப்புதலின் இப்பெயர் பெற்றது. தோட்டக்கள்ளன் என்பதும் ஈழத்துத் தமிழர் இதற்கு இட்ட பெயரே. மைனாவினுஞ் சற்றுச் சிறியது. வால் இல்லையோ என ஐயுறத்தக்க அளவிற் குறுகியது. முதுகு பச்சை, மார்பு மங்கிய மஞ்சள், கண்ணை ஊடறுத்துச் செல்லும் பட்டை கருமை, இறகிலே நீலம், அடிவயிற்றிற் செம்மை. ஒன்பது நிறம் என்னும் பொருள்பட வடநாட்டார் இதனை நவரங்கம் என்பர். இத்துணை நிறங்களையும் சுமந்துகொண்டு, புதரடியிற் சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்று, எவர் கண்ணிலும் படாமல் ஒளிந்து வாழ்வது இதன் இயல்பு.

சிங்கள மக்கள் இதனை அவிச்சியா என்பர். அவர்களிடையே வழங்கும் கதை ஒன்றுண்டு. மயிலின் தோகை முன்னர் இக்குருவிக்கே உரியதாயிருந்ததாம். மயில் அவ்வாடையைக் கவர்ந்து சென்றுவிட்டதாம். அன்று தொட்டு இக்குருவி காலையும் மாலையும், ‘வந்தது, போயிற்று’ என அழுது முறையிடுகின்றதாம். பறவையின் ஒலியையே சொல்லாக்கி, அச்சொல்லிலிருந்து ஒரு கதையை ஆக்கிய அந்த நாட்டுப்புறப் புலமையை எவ்வளவு பாராட்டினும் தகும்.

இன்னொரு செய்தி தமிழாசிரியர்க்குச் சுவை தருவது. இப்பறவையினத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் பிட்டா. 1816ஆம் ஆண்டு வியேய்யோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை நூல்வழக்கில் ஏற்றினார். பிட்ட என்பது குருவியைக் குறிக்கும் தெலுங்குச் சொல். நம் தமிழுக்கு உடன்பிறந்த மொழியின் சொல்லொன்று, அறியப்படாமலே உலகமெங்கும் பறவை நூல்களில் உலவி வருகின்றது.

இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவின் குன்றுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தபின், புரட்டாசி ஐப்பசியில் இது தெற்கே புறப்படுகின்றது. இரவிலே பறந்து கடலைக் கடந்து இலங்கையை அடைகின்றது. வந்திறங்கிய முதல் நாள்களில், களைத்துச் சோர்ந்து வீட்டு முற்றத்திலும் பாடசாலை விறாந்தையிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. வடபுலத்துப் பறவைகள் மேற்குக் கரை வழியாகவும், கிழக்குக் கரை வழியாகவும், அந்தமான் தீவுகளின் பக்கமிருந்தும் ஆக மூன்று வழிகளில் இத்தீவுக்கு வருகின்றன என்பர் ஆய்ந்தோர். இதற்குத் தெற்கே அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. தென்துருவம் வரை கடலே. ஆதலால் இலங்கை அவற்றின் வழித்தங்கல் அன்று, வழியின் முடிவிடம்.

பறவைகள் பருவந்தோறும் வடக்கும் தெற்குமாகப் பெயர்வதைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். குமரித்துறையில் இரை மேய்ந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னச் சேவலை விளித்து, இடைவழியில் உறையூரிலே கோப்பெருஞ்சோழனைக் கண்டு செல்க என்றார் பிசிராந்தையார். இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திற் பனிக்காலத்தைக் கழிக்கும் பட்டைத்தலை வாத்தினை நினைக்குங்கால், புலவர் வாக்கு வெறுங் கற்பனை அன்று என்பது தெளிவாகும். சத்திமுத்தப் புலவரோ செங்கால் நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கின் பிளவை உவமை கூறினார். கண்ணால் நெடிது நோக்காதவன் அவ்வுவமையைக் கூற முடியாது.

இவ்வாறு நோக்கிய மரபு எங்கே அறுந்தது? குற்றம் பெரும்பாலும் உரையும் அகராதியும் எழுதிய நம்மவர் மேலதே என்பது எமது கருத்து. பறவைப்பெயர் ஒன்று செய்யுளில் வந்தால், ‘ஒருவகைப் புள்’ என்று எழுதி அப்பாற் செல்வர். மரப்பெயர் வந்தால் ‘மரவிசேடம்’. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவன், பாடசாலை வேலியிற் பூத்திருப்பது யாதென்று கேட்டால் விழிக்கின்றான். திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தன் வலியன் என்னும் கரிக்குருவி என்பதைப் பரீட்சைக்காகப் படித்தவர் பலர். அதே இனத்துக் கரிச்சான் நெருக்கமாக வந்து கத்தும்போது நிமிர்ந்து நோக்குவோர் சிலரே.

இக்குறையைப் போக்கும் மருந்து கண்டி நகரின் நடுவிலேயே இருக்கின்றது. தலதா மாளிகையின் பின்புறத்து மேட்டிலே, ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடப்பது உடவத்தைக் காடு. மேற்றோட்டத்துக் காடு என்பது சிங்களப் பெயரின் பொருள். கண்டி மன்னர் காலத்தில் இஃது அரண்மனைக்குரிய சோலை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இற் சரணாலயமாகவும் விதிக்கப்பட்டது. நகரமும் பேருந்தும் இரைச்சலும் காலடியிலே கிடக்க, வாயிலைக் கடந்து நூறடி நடந்ததும் ஓசை அடங்கிவிடுகின்றது. ஜெர்மன் நாட்டிற் பிறந்து பௌத்தத் துறவியான ஞானபோனிக தேரர் 1994இல் மறையும்வரை இக்காட்டின் தவப்பள்ளி ஒன்றிலேயே வாழ்ந்தார். அவர் ஏன் இவ்விடத்தைத் தெரிந்தார் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பறவை காணச் செல்வோர் விடியற்காலையிலேயே வாயிலில் நிற்றல் நன்று. வெயில் ஏறினாற் புட்கள் அடங்கிவிடும், பிற்பகலிலோ மழை. முதலிற் கேட்பது குக்குறுவானின் இடையறாத ஒலி. மஞ்சள் நெற்றியுள்ள குக்குறுவான் இத்தீவிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாதது. அவ்வாறே லேயாட் என்னும் ஆங்கிலேயரின் பெயர் தாங்கிய கிளியும், வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கித் துயிலும் சிறுகிளியும் நமக்கே உரியவை. அவற்றோடு, கூதிரில் வந்த விருந்தினரும் கலந்திருப்பர். வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நடக்கும் கொடிக்கால் வாலாட்டி, குளக்கரைக் கல்லின்மேல் சாம்பல் வாலாட்டி, கிளை நுனியிலிருந்து பாய்ந்து பூச்சியைக் கவ்வி மீண்டும் அதே நுனிக்கு வரும் ஈப்பிடிப்பான்கள். அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண்பறவை வெள்ளாடை உடுத்தும் காலத்தில் அதனைச் சீலைக்கள்வன் என்றும், செந்நிறமாயிருக்கும்போது தீக்கள்வன் என்றும் சிங்களவர் அழைப்பர். மயிலும் கள்வன், குருவியும் கள்வன்! இத்தீவில் அழகிய பறவை எதுவும் களவுப்பழிக்குத் தப்பவில்லை போலும்.

இங்கே வருவோர் ஒரு செய்தியைக் கூர்ந்து காண்க. ஓரிடத்திற் பறவையே இல்லாதிருக்கும்; திடீரென்று பத்துப் பதினைந்து இனங்கள் ஒருங்கே வந்து சூழும்; சிறிது நேரத்தில் அனைத்தும் மறையும். பல இனங்கள் கூட்டாக இரைதேடும் இவ்வழக்கத்தைச் சிங்கராஜ வனத்திற் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவர்தம் மாணாக்கரும் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். சிலம்பன்கள் சருகையும் இலையையும் கலைக்கப் பூச்சிகள் கிளம்புகின்றன. கரிச்சான் காவல் நின்று, பகை வரின் எச்சரிக்கின்றது. பிறவற்றின் குரலை அப்படியே நடித்துக் காட்டும் ஆற்றலும் கரிச்சானுக்கு உண்டு.

பறவைகள் மிகுந்திருப்பதனால் இக்காடு நலமாயுள்ளது என்று எண்ணிவிடல் ஆகாது. தென்னமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட தோலு பிசின் மரம் தன் கன்றுகளாற் காட்டின் பெரும்பகுதியை நிறைத்து, நம் நாட்டு மரக்கன்றுகளுக்கு ஒளியும் இடமும் இல்லாமற் செய்துவருகின்றது. வீட்டு அலங்காரத்துக்கெனக் கொண்டுவரப்பட்ட செடிகொடிகளும் அவ்வாறே. பறவையை மட்டும் காண்பவர் இதனைக் காணார். அது தங்கும் மரத்தின் பெயரையும் கேட்பவரே காண்பர்.

இத்தீவிற் பறவை நோக்குதல் ஆங்கிலேயரால் வளர்ந்த கலை. லெக் என்னும் படையதிகாரி எழுதிய இலங்கைப் பறவைகளின் வரலாறு 1880இல் நிறைவெய்தியது. ஹென்றி என்பார் தாமே படம் வரைந்து எழுதிய கையேடு 1955இல் வெளிவந்தது. இலங்கைப் பறவைக் கழகம் 1943இலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியற் குழு 1976இலும் தோன்றின. இன்று உலக வலசைப் பறவை நாள், மே மாதத்திலும் ஒக்டோபர் மாதத்திலும் இரண்டாம் சனிக்கிழமைகளிற் கொண்டாடப்படுகின்றது. ஐப்பசி ஞாயிறுகளிற் கண்டியிலும் சிறு சிறு குழுக்களைக் காணலாம். அவர்களிடையே ஆங்கிலம் ஒலிக்கும். சிங்களம் மிகுதியாக ஒலிக்கும். தமிழ் ஒலிப்பது மிக அரிது.

இதற்குக் காரணம் ஆர்வமின்மை மட்டுமன்று. 2009இற் போர் முடியும்வரை, தொலைநோக்கியும் குறிப்பேடும் கையிலேந்திக் குன்றேறும் தமிழ் இளைஞன், தான் தேடுவது குருவியையே என்பதை யாரிடம் சொல்லி நம்பவைப்பான்? ஒரு தலைமுறை முழுவதும் அவ்வாறு வீட்டினுள் அடைந்து கிடந்தது. தந்தை போகாத காட்டுக்கு மகன் போவதில்லை.

ஆயினும் பெயர்கள் முற்றும் அழியவில்லை. லெக் தம் நூலிலே சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் குறித்துவைத்தார்.  இன்றும் தேயிலைத் தோட்டத்து லயன்களிற் பிறந்த பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளினும் மிகுதியான புட்பெயர்களை அறிவர். சென்ற ஆண்டு உடவத்தைக்கு அழைத்துச் சென்ற மாணவருள், வகுப்பில் வாய்திறவாத தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, நாம் பேசிக்கொண்டிருந்தபோதே கையை உயர்த்தி, “ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க, ஆறுமணிக் குருவி கத்துது” என்றாள். அனைவரும் அடங்கினோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பயிலும் மாணவன், தன் பாட்டி அதனைத் தோட்டக்கள்ளன் என்பார் என்றான். இருவரும் வாதாடியதில் உண்மையான பறவை பறந்துவிட்டது. வாதம் மட்டும் வாயில்வரை வந்தது.

உடவத்தையிற் பழகிய கால்கள் பெருமலையை விரும்புவது இயல்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னே எழும் ஹந்தானைத் தொடர், மாணவர் பலருக்கு முதன் மலையேற்றம். புற்றரையும் தேயிலையும் ஊசியிலைச் சோலையும் மாறி மாறி வரும் அம்மலை பார்வைக்கு எளியது. ஆயின் மூடுபனி இறங்கினால் நான்கு பக்கமும் ஒன்றாகிவிடும். வழிதவறிய குழுக்களைத் தேடி மீட்ட செய்திகளை நாளேடுகளிற் பன்முறை படித்துள்ளோம். கிழக்கே, 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டில் அடங்கிய நக்கிள்ஸ் தொடர் இதனினும் கடியது. அறிந்தோர் துணையின்றிச் செல்லற்க.

கூதிர் மழையை விளையாட்டாகக் கொள்ளலும் தகாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலின்போது கண்டி மாவட்டத்திற் சரிந்த மலைகள் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களையும் விழுங்கின. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் வீட்டிலிருந்து நெடுநல்வாடையைப் படித்தலே மேல். கூதிரின் குளிரை அதனினும் நன்கு காட்டும் நூல் தமிழில் இல்லை.

அட்டையை அஞ்சுவோர்க்குச் சவர்க்காரத்தைக் காலிற் குழைத்துப் பூசிக்கொள்க என்பதே தோட்டத்தார் கூறும் முறை; கடித்தால் தேசிக்காய்ச் சாறு. ஒலிபெருக்கிப் பெட்டியோடு வருவோர்க்கு மருந்து நாமறியோம்.

ஒரு குழுவில் எண்மர்க்கு மேல் வேண்டா. தொலைநோக்கி இரண்டு போதும்; மாறி மாறிப் பார்க்கலாம். விலையுயர்ந்த கருவி இல்லையே என வருந்துவோர், சத்திமுத்தப் புலவரிடம் எக்கருவி இருந்தது என எண்ணிப் பார்க்க. ஆனாற் குறிப்பேடு ஆளுக்கொன்று வேண்டும். எம் மாணவர் அதில் நான்கு பத்தி வரைந்துள்ளனர்: கேட்ட நாள், கண்ட இடம், சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர். நான்காவது பத்தியிற் பல இடங்கள் வெறுமையாக உள்ளன. தமிழிற் பறவைக் கையேடுகள் மிக அருகியே கிடைப்பதால், விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளைகள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு வந்து நிரப்புகின்றனர். ஒரே வாலாட்டிக்கு இரண்டு ஊர்ப்பெயர்கள் வந்து சேர்ந்துள்ளன, இரண்டையும் எழுதிவைத்திருக்கின்றோம். ஆறுமணிக் குருவி சித்திரையில் வடக்கே திரும்பிவிடும். அதன்முன் இன்னும் சில ஞாயிறுகள் உள்ளன.