அந்நிய அரியணைகள் – 7: பிக்குகள் வந்திறங்கிய துறை

1753ஆம் ஆண்டு திருகோணமலைத் துறையில் ஒல்லாந்தரின் கப்பலில் வந்திறங்கினார்கள் சீயத்துப் பிக்குகள். தலைமை தாங்கியவர் உபாலி தேரர். அவர்களை வரவழைத்தவரோ கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். அந்தக் காலத்தில் இலங்கையில் உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்தது. புதியவர்களைத் துறவில் சேர்க்க முறைப்படி துறவேற்ற பிக்குகள் ஐந்து பேர்கூட இல்லை. அதே ஆண்டு கண்டியில் வெலிவிட்ட சரணங்கரர் உபசம்பதா பெற்றார். மன்னர் அவரைச் சங்கராஜர் ஆக்கினார். தேவாலயங்களுக்கே உரியதாக இருந்த எசல பெரஹராவில் தலதா மாளிகையும் முதலிடம் பெற்றது இந்த மன்னர் காலத்தில்தான்.

சென்ற வாரம் பார்த்த, சீனத்தை ஆண்ட மஞ்சு பேரரசர்கள் நடந்த வழியும் இதுவே. காங்சி 1684இல் கொன்பியூசியஸின் ஊரான சூஃபூவுக்குச் சென்று அவர் சந்நிதியில் விழுந்து வணங்கினார். அவருடைய பேரன் சியன்லோங், திபெத்தியரும் மங்கோலியரும் மதிக்கும் பொத்தாலா மாளிகையின் சாயலில் செங்தேயில் ஒரு கோயிலை எழுப்பி 1771இல் முடித்தார். ஹான் மக்களுக்குக் கொன்பியூசிய அரசர், திபெத்தியருக்குப் பௌத்தப் புரவலர், மங்கோலியருக்குக் கான். ஆளப்படுவோரின் நம்பிக்கையைக் காப்பவராக நின்றால் பிறந்த குலத்தை யாரும் பெரிதாகக் கிளற மாட்டார்கள் என்பது கணக்கு.

கண்டியில் அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது. 1760இல் பிரதானிகள் சிலரும் பிக்குகளும் சேர்ந்து மன்னரைக் கொல்லச் சதி செய்தார்கள். அவர் திருநீறு பூசுகிறார் என்பது அவர்களுடைய குறைகளில் ஒன்று. அரியணைக்கு அவர்கள் தேர்ந்திருந்தவர் ஒரு சீயத்து இளவரசர். சதியில் சரணங்கரரின் பெயரும் அடிபட்டது. அதிகார் சமனக்கொடிக்கு மரண தண்டனை கிடைத்தது. சங்கராஜரை மன்னர் சில காலம் ஒதுக்கிவைத்து, பிறகு மன்னித்தார். பௌத்தத் திருப்பணிகளை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

மஞ்சு அரசர்களின் பக்திக்குப் பின்னால் படை இருந்தது. எண்கொடிப் படைகள் பெருநகரங்களில் தனி மதிலுக்குள் குடும்பத்தோடு பாளையமிறங்கியிருந்தன. நாயக்க மன்னருக்கு அரண்மனைக் காவலைத் தாண்டிச் சொந்தப் படை குறைவு. ஊர்ப்படை திரட்டும் அதிகாரம் மாகாணத் தலைவர்களான சிங்களத் திசாவைகளின் கையில். அதைவிடப் பெரிய குறை, கடல். ஒரு நூற்றாண்டுக்கு முன் கொட்டியாரத் துறையில் கண்டியின் ஆணை செல்லுபடியானது. 1660இல் ஆங்கிலக் கடலோடி றொபேட் நொக்ஸ் பிடிபட்டதும் அங்கேதான். கீர்த்தி ஸ்ரீயின் காலத்திலோ பிக்குகளை அழைத்துவரவே ஒல்லாந்தரிடம் கப்பல் கேட்க வேண்டியிருந்தது.

ஒல்லாந்தருடன் போர் மூண்டிருந்த 1762இல், மதராஸிலிருந்த ஆங்கிலக் கும்பனியின் தூதர் ஜோன் பைபஸ் கண்டிக்கு வந்துபோனார்; உதவி எதுவும் வரவில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள்ளேயே புகுந்தார்கள். அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் தீவைச் சுற்றியுள்ள கரை முழுவதும் அவர்கள் வசமானது. கண்டி மக்கள் உப்பளத்துக்குப் போவதற்கும் அதில் தனியாக ஒரு விதி எழுத வேண்டியதாயிற்று.

சங்கத்தின் ஆசி நாயக்கருக்குச் சிங்கள மண்ணில் அரசுரிமையைத் தந்தது. அதனாலேயே அந்த வம்சம் 1815 வரை நீடித்தது. ஆனால் வெளிநாட்டு நட்பும் படைக்கலனும் துறைமுகத்தின் வழியாகத்தான் வரமுடியும். அந்த வாசல் அடைபட்ட பிறகு, கண்டியின் அடுத்த எதிரி யார் என்பதைக் கடலை ஆண்டவர்களே முடிவுசெய்தார்கள்.

அடுத்த வாரம்: 1782 – ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிய திருகோணமலை.