கதவைக் கழற்றும் முன் எழுதி வையுங்கள்

நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் நடத்தி ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு தேக்கு மரமாகக் கப்பலேறி வந்து, காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் தூணாகவும் நிலைக்கதவாகவும் பெட்டகமாகவும் நின்றது. 1930களின் பொருளாதார மந்தமும் 1942-இல் பர்மாவுக்குள் ஜப்பானியப் படை நுழைந்ததும் அந்த வருமானத்தை முறித்துப் போட்டன. ஆள் குடியிராமல், ஓடு மாற்றக் காசில்லாமல் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் பெருகியதன் பின்னணி இதுதான். இந்த வணிகத்தைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. கரையான் அரித்து விறகாகப் போயிருக்க வேண்டிய எத்தனையோ தூண்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வாய்ச்சொல்லிலும் ரொக்கத்திலுமே நடக்கும் இந்தத் தொழிலில் விற்பவர், கடைக்காரர், வாங்குபவர் என எவருக்கும் பாதுகாப்பில்லை. ஒரு பொருள் யாருடையது, எந்த வீட்டிலிருந்து வந்தது, எவ்வளவு பழையது, எந்தப் பாகம் பழுதுபார்க்கப்பட்டது என்பதை எழுதி வைத்தால்தான் அதன் விலைக்கும் உரிமைக்கும் ஆதாரம் கிடைக்கும்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்துவரும் கலை, கைவினைப் பொருள்களும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பொருள்களும் அதன்படி தொல்பொருள்கள். தொல்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். இல்லாமல் விற்றால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், பொருளும் பறிமுதலாகலாம். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: நூறு ஆண்டு என்ற கோடு ஆண்டுதோறும் நகர்கிறது. 1920களில் எழுந்த வீடுகளின் கதவுகள் இப்போது அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் தடையின்றிக் கைமாறிய கதவு இன்று தொல்பொருளாகியிருக்கலாம். வீடு கட்டிய ஆண்டுக்கான சான்று கையில் இல்லாதவர் தன் பொருள் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எப்படி வாதாடுவார்? ஐயம் எழுந்தால் முடிவு சொல்லும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறைக்கே உண்டு. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழையும் அத்துறையிடமே கேட்டுப் பெறலாம்.

வீட்டுக்காரர்களுக்கு உள்ள ஆபத்து வேறு வகையானது. பெரிய வீடுகள் பல, பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. பங்குதாரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிதறியிருக்கிறார்கள். சுவரோடு பொருந்தி நிற்கும் நிலையும் தூணும் அசையாச் சொத்தின் பகுதி. ஒரு பங்காளி தன் பங்கை விற்கலாமே தவிர, மற்றவர் பங்கையும் சேர்த்துக் கழற்றி விற்க அவருக்கு உரிமையில்லை. பெட்டகம், ஊஞ்சல், மேசை போன்ற அசையும் பொருள்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. மற்றவர்களின் சம்மதத்தோடு ஒரு பங்காளி மட்டும் பொருளைத் தன் வசம் வைத்திருந்து விற்றால், விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே அது சொந்தமாகும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். மற்றவர்கள் விற்றவரிடம்தான் தங்கள் பங்குக்குப் போராட வேண்டும். ஆகவே வெளியூரில் இருக்கும் பங்காளிகள் பொருள்களைப் படமெடுத்துப் பட்டியலிட்டு, எல்லாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நல்லது. விற்பனைப் பேச்சு அடிபட்டால் கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதன் பிறகு தெரியாமல் வாங்கினேன் என்று அவர் சொல்ல முடியாது.

அனுபவமுள்ள கடைக்காரர்கள் இப்படி எழுதி வைப்பதற்கு மறுப்புச் சொல்வார்கள். மரத்தின் ரேகையையும் இழைத்த தடத்தையும் தொட்டுப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம், காகிதம் எதற்கு என்பார்கள். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது போதாது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையே 18-ஆம் நூற்றாண்டு அரசவை நாற்காலிகள் என்று நம்பிப் போலிகளை வாங்கியது. அவற்றைச் செய்வித்து விற்ற பில் பல்லோ, அக்கால நாற்காலிகளைப் பற்றி ஆதார நூல் எழுதிய நிபுணர். 2025 ஜூனில் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அரண்மனை நிபுணர்களின் கண்ணே ஏமாறும்போது கடைவீதியில் கண்ணை மட்டும் நம்பி லட்சங்களைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

வீட்டை விற்கும் குடும்பத்தார் பெயர் வெளிவருவதை விரும்பமாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அதில் நியாயமும் இருக்கிறது. அந்தப் பெயர் கடைக்காரரின் கொள்முதல் பதிவேட்டில் இருந்தால் போதும், விலைச்சீட்டில் தொங்க வேண்டியதில்லை. பதிவேட்டால் கடைக்காரருக்கும் பயன் உண்டு. பழைய பொருளை வாங்கி விற்பவர் விதிகளுக்கு உட்பட்டு, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டலாம். வாங்கிய விலையை எழுதி வைக்காதவர் அந்தச் சலுகையை எதைக் காட்டிக் கேட்பார்?

எழுத்து இருந்தாலும் தொடக்கூடாதவை சில உண்டு. தேர்ச் சிற்பம், வாகனத்தின் பாகம் என்று யாராவது கொண்டுவந்தால் அது கோயில் சொத்தா என்பதுதான் முதல் கேள்வி. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. யானைத் தந்தம் பதித்த பழைய பெட்டி, மேசை விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். விசாகப்பட்டினத்தில் 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகச் செய்யப்பட்டவை உலகப் புகழ்பெற்றவை. ஆனாலும் இந்தியாவில் தந்த வணிகத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பழையது என்பதால் விற்றுவிட முடியாது.

வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. பொருளின் பெயர், மரம், ஏறத்தாழ வயது, புதிதாகச் சேர்த்த பாகங்கள் நான்கையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'பழைய கதவு 1' என்ற ரசீதை வைத்துக்கொண்டு எந்த வழக்கும் நிற்காது. எழுதியதற்கு மாறாகப் பொருள் இருந்தால், வாங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. எழுதித் தர மறுக்கும் கடையில் எவ்வளவு அழகான பொருள் இருந்தாலும் வாங்காமல் திரும்பி வாருங்கள்.