உப்புப் போத்தலில் ஓர் அரிச்சுவடி

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அரச கந்தோர் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். நன்னூலுக்கும் தொல்காப்பியத்துக்கும் உரை சொல்லிக் காலங்கழித்த யான், அக்கடிதத்தை ஏந்தியவண்ணம் அயல்வீடுகள் மூன்றில் ஏறி இறங்கினேன். ஈற்றிலே சந்தியிற் கடை வைத்திருக்கும் என் பழைய மாணாக்கன் ஒருவன் அதனைத் தடையின்றி வாசித்தான். என்னிடம் இலக்கணத்தில் ஒருபோதும் சித்தியடையாதவன் அவன்.

"ஐயா, பயப்பிட ஒண்டுமில்லை. பிறப்புப் பத்திரத்தின்ரை பிரதி ஒண்டு கேக்கினம்" என்றான்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்கிறது. ஆதலால் அக்கடிதம் தமிழில் வந்திருத்தல் வேண்டும். அவ்வாறே அக்கந்தோருக்கு எழுதினேன். அது என் உரிமை. ஆயினும் நாணம் ஒன்று நெஞ்சை விட்டகலவில்லை. வடமொழிக்கு ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்ட யான், ஒரு பகற்பொழுது புகைவண்டியிற் சென்றால் எட்டக்கூடிய ஊர்களின் மொழியை அறியேன்.

அதற்கொரு காரணம் இருந்தது. என் தந்தையார் அரசாங்க இலிகிதர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், அவரிடம் சிங்களத் தேர்ச்சி கேட்கப்பட்டது. அவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. சம்பள உயர்வை இழந்தார். உரிய வயதுக்கு முன்னரே ஓய்வு பெற்று வீடு வந்தார். அவ்வீட்டிலே சிங்கள அரிச்சுவடியை விரிப்பது அவருக்கு யான் இழைக்கும் துரோகமோ என நெடுநாள் அஞ்சினேன். பின்னர் ஓர் உண்மை தெளிவாயிற்று. அவர் மறுத்தது மொழியையன்று, கட்டாயத்தையே மறுத்தார். கட்டாயத்தாற் கற்பது கசக்கும். விரும்பிக் கற்பது இனிக்கும். ஆகவே, இன்பமாகக் கற்க இயலுமாயின் மாத்திரமே கற்பது என்று துணிந்தேன்.

முதலிற் செய்தது பெரும் பிழை. பண்டிதனல்லனோ? இலக்கண நூலிலிருந்து தொடங்கினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சிங்கள இலக்கணமாகிய சிதத் சங்கராவில் எமது வீரசோழியத்தின் சாயல் உண்டென அறிஞர் கூறுவர்; அது எனக்கு உவகை தந்தது. மூன்று மாதத்தின் பின் கொழும்பிலே முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் "மம யமி" என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பேச்சிலே "மம யனவா" என்பதே வழக்கு. நான், நீ, அவன் என்னும் மூவிடத்துக்கும் பேச்சில் "யனவா" ஒன்றே போதும். இடங்காட்டும் விகுதிகள் எழுத்துக்கே உரியன. சந்தைக்குச் சென்று, "யான் கத்தரிக்காய் வேண்டினேன்" என்பவனை நாம் எவ்வாறு நோக்குவோமோ, அவ்வாறே அவர் என்னை நோக்கினார்.

அதன்பின் குசினியிலே தொடங்கினேன். போத்தல்களிலும் பேணிகளிலும் பெயர் எழுதி ஒட்டினேன். அரிசி ஹால்; சோறு பத்; தேங்காய் பொல். உப்பு லுணு, வெங்காயம் லூணு. குறில் நெடிலாயின் கறி கெடும். முதலிலே தமிழெழுத்திலேதான் எழுதினேன். மஞ்சளும் மரமும் ஒன்றாகிவிட்டன. தமிழில் எழுதினால் இரண்டும் "கஹ" என்றே நிற்கும். முதலெழுத்தின் ஒலி வேறுபாட்டைச் சிங்கள எழுத்தே காட்டும். "மரத்தைப் போட்டோ குழம்பு வைக்கிறது?" என்று இல்லாள் நகைத்தாள். அன்று மாலையே அவ்வெழுத்துக்களைக் கற்கத் தொடங்கினேன்.

இரண்டாவது வழி வானொலி. தமிழ்ச் செய்தியை முதலிற் கேட்பேன். அதே நாளின் சிங்களச் செய்தியைப் பின்னர் கேட்பேன். பொருள் முன்னரே தெரிந்திருத்தலின் காது சொற்களைத் தேடிப் பிடிக்கும். அமரதேவவின் பாடல்களையும் கேட்டேன். இசை ஒட்டிய சொல் எளிதில் மறவாது. மூன்றாவது, மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட கம்பெரலிய நாவலைத் தமிழாக்கத்துடன் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வாசித்தல். நாளொன்றுக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் இல்லை.

நான்காவது, உரத்து வாசித்தல். திறோய் நகரை அகழ்ந்த ஷ்லீமன் இளமையில் அம்ஸ்ரடாம் நகரிலே தாமாகவே ருஷ்ய மொழி கற்றார். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் ஊக்கம் பிறக்குமென்று, ருஷ்ய மொழியே அறியாத ஏழை ஒருவருக்கு வாரம் நான்கு பிராங்கு கொடுத்து, மாலைதோறும் இரண்டு மணிநேரம் அவர்முன் ஒப்புவித்தார். சத்தம் பொறுக்காத அயலவர் முறையிட, இருமுறை குடியிருப்பை மாற்றினார். எனக்கு அச்செலவு இல்லை. விறாந்தையிற் படுத்திருக்கும் எங்கள் வீட்டு நாய் கூலியின்றியே கேட்கின்றது.

எல்லாவற்றிலும் சிறந்த வழியை என் மகள் காட்டினாள். தென்னிலங்கைப் பல்கலைக்கழகமொன்றிற் பயின்ற அவளுடைய அறைத்தோழியின் தந்தையாரும் ஓர் ஆசிரியர். தமிழ் கற்க விரும்புபவர். ஞாயிறு மாலைதோறும் தொலைபேசியிலே கால் மணிநேரம் யான் சிங்களம் பேசுவேன். கால் மணிநேரம் அவர் தமிழ் பேசுவார். பிழையை உடனே திருத்துவதில்லை. ஈற்றிலே மூன்று பிழைகள் மாத்திரம் சொல்வோம். எனக்கு அவர் மொழியின் 'க', 'ப' ஒலி வேறுபாடுகள் இடர். அவருக்கு எமது ழகரம் இடர். ஆதலால் ஒருவரை ஒருவர் நகைக்க வழியில்லை.

முதல்நாள் அவரை மரியாதையாக "ஐயா" என்று விளித்தேன். அவர் சற்றுத் திகைத்தார். சிங்களத்தில் அச்சொல்லுக்குத் தமையன் என்பது பொருள். அவரோ என்னினும் இரண்டு வயது இளையவர். விளக்கிய பின் இருவரும் சிரித்தோம். இப்பொழுது அவரும் என்னை அவ்வாறே அழைக்கின்றார்.

ஒருநாள் என் தந்தையாரின் கதையைக் குறைச் சிங்களத்திலே அவருக்குச் சொன்னேன். சிறிதுநேரம் பேச்சில்லை. பின்னர் தமிழில், சொல் சொல்லாகத் தேடி, "உங்கள் அப்பா... செய்தது... சரி" என்றார். அன்று அவர் தமிழில் யான் பிழை ஏதும் சொல்லவில்லை. என் உள்ளத்திலிருந்த பழைய அச்சமும் அன்றோடு ஒழிந்தது.

மாணவர்களே, பிறமொழி கற்பதற்குப் பெரும் பொருளும் வெளியூர்ப் பயணமும் வேண்டும் என எண்ணாதீர்கள். சிங்களமாயினும் ஆங்கிலமாயினும் வழி ஒன்றே. நாள்தோறும் அரைமணி நேரம், அறிந்த பொருளிலிருந்து அறியாத சொல்லுக்குச் செல்லுங்கள், வாய்விட்டு வாசியுங்கள், பிழைவிட அஞ்சாதீர்கள், பேசுவதற்கு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தாய்மொழியிற் பற்றுடையவன் இதனால் எதனையும் இழப்பதில்லை. இன்றிரவே உங்கள் வீட்டு உப்புப் போத்தலில் ஒரு சொல்லை எழுதி ஒட்டுங்கள்.