75 ரூபாய் நாணயத்துக்கு ஆயிரக்கணக்கில் விலை ஏன்? சேகரிப்பாளர்களின் குறை என்ன?

புதுதில்லி: மத்திய அரசு நினைவு நாணயம் ஒன்றை அறிவிக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நூறு ரூபாய் நாணயத்தை ஏன் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும் என்பது பொதுமக்களின் கேள்வி. கொடுக்க முன்வந்தாலும் நாணயம் கிடைப்பதில்லையே என்பது சேகரிப்பாளர்களின் ஆதங்கம். முதல் கேள்விக்கு விடை காண்பது எளிது. இரண்டாவது அவ்வளவு எளிதன்று.

இந்தியாவில் நாணயங்களை வெளியிடும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது. ரிசர்வ் வங்கி அவற்றைப் புழக்கத்துக்கு விடும் பணியை மட்டுமே செய்கிறது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி 1,000 ரூபாய் வரையிலான முகமதிப்பில் நாணயங்களை வெளியிடலாம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் உள்ள நாணயச் சாலைகள், 2006-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்தியப் பாதுகாப்பு அச்சடிப்பு மற்றும் நாணய உற்பத்திக் கழகத்தின் கீழ் இயங்குகின்றன. உயர் மதிப்பு நினைவு நாணயங்கள் புழக்கத்துக்கு வருவதில்லை. வங்கியில் கேட்டாலும் கிடைக்காது. நாணயச் சாலைகளே அவற்றைச் சேகரிப்பாளர்களுக்கு நேரடியாக விற்கின்றன.

விலையைப் பொறுத்தவரை, புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பையொட்டி 2023 மே மாதம் வெளியிடப்பட்ட 75 ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் எடை 35 கிராம். அதில் 50 சதவீதம் வெள்ளி, 40 சதவீதம் தாமிரம், எஞ்சியவை நிக்கலும் துத்தநாகமும். அதாவது ஒரு நாணயத்தில் பதினேழரை கிராம் வெள்ளி உள்ளது. வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாய் என்று கொண்டால், அந்த வெள்ளியின் மதிப்பு மட்டும் 1,750 ரூபாய். இதனுடன் வார்ப்புக் கூலி, பேழை, வரி, அஞ்சல் செலவு ஆகியவை சேர்கின்றன. கண்ணாடிபோல் பளபளக்கும் ‘புரூஃப்’ ரகத்துக்கு, மெருகேற்றிய அச்சைக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்த வேண்டியிருப்பதால் அதன் விலை இன்னும் அதிகம். 75 ரூபாய் என்பது நாணயத்தின் மீது பொறிக்கப்படும் எண் மட்டுமே. விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெள்ளியின் அளவும் எல்லா நாணயங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி வார்க்கப்பட்ட 1,000 ரூபாய் நாணயத்தில் வெள்ளி 80 சதவீதம். ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டு நிறைவுக்காக 2024 ஏப்ரலில் வெளியான 90 ரூபாய் நாணயமோ 40 கிராம் தூய வெள்ளி. வெள்ளி ஒரு லட்சமாக இருக்கும்போது இதில் உள்ள உலோகத்தின் மதிப்பு 4,000 ரூபாய்; ஒன்றரை லட்சமானால் 6,000 ரூபாய். 2025-இல் வெள்ளி விலை ஒன்றரை லட்சத்தையும் கடந்தது நினைவிருக்கலாம். முகமதிப்பு சிறியதாக இருப்பது விலை குறைவு என்பதற்கு அடையாளமாகாது.

சேகரிப்பாளர்களின் உண்மையான மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் அரசிதழில் அறிவிக்கை வெளியாகிறது. உலோகக் கலவை, எடை, விட்டம், விளிம்பில் உள்ள வரிகளின் எண்ணிக்கை வரை அதில் இருக்கும். மொத்தம் எத்தனை நாணயங்கள் வார்க்கப்படும் என்பது மட்டும் இருக்காது. விற்பனைக்கு வந்த நாணயம் தீர்ந்துவிட்டால், அது உண்மையிலேயே அரிதானதா, அடுத்த தொகுதி வரவிருக்கிறதா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. இந்த இருட்டில்தான் மறுவிற்பனையாளர்கள் விலையை நிர்ணயிக்கின்றனர். இரு மடங்கு கொடுத்து வாங்கியவர், நாணயச் சாலை மீண்டும் விற்பனையைத் தொடங்கினால் இழப்பைச் சுமக்க நேரிடும்.

முன்பு வரைவோலை அனுப்பி முன்பதிவு செய்து, மாதக்கணக்கில் காத்திருக்கும் முறை இருந்தது. இப்போது இணையதளத்தில் விற்பனை நடைபெறுகிறது. காத்திருப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் அறிவிப்பைக் கவனித்து உடனே இணையத்தில் நுழைபவருக்கே வாய்ப்பு என்றாகிவிட்டது. சிற்றூரில் உள்ள முதிய சேகரிப்பாளருக்கு இது சாதகமான மாற்றமன்று.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே உள்ள குறி, அது எந்தச் சாலையில் வார்க்கப்பட்டது என்பதைக் காட்டும். மும்பைக்கு வைர வடிவம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. ஒரே நாணயம் பல சாலைகளில் வார்க்கப்பட்டால், முழுத் தொகுப்பை விரும்புபவர் ஒவ்வொன்றையும் தேடி வாங்க வேண்டியுள்ளது.

எண்ணிக்கையை அறிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க நாணயச் சாலை உற்பத்தி உச்சவரம்பையும், ஒரு குடும்பத்துக்கு எத்தனை என்ற வரம்பையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. ஆயினும் 2021-இல் தலா 85 டாலர் விலையில் ‘மார்கன்’ வெள்ளி டாலர்கள் விற்பனைக்கு வந்தபோது அதன் இணையதளம் நெரிசலில் திணறியது. இரண்டு வகைகளுக்குத் தலா 1,75,000 என்று வரம்பிட்டிருந்தும் அவை விரைவில் தீர்ந்துபோயின. கோபமடைந்த சேகரிப்பாளர்களின் எதிர்ப்பால் அடுத்தகட்ட விற்பனையை அந்நிறுவனம் தள்ளிவைக்க நேர்ந்தது. இருப்பினும், தவறவிட்டது எத்தனையில் ஒன்று என்பதாவது அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கு மறுவிற்பனையில் வாங்க நினைப்பவர்கள், அரசிதழில் உள்ள எடையையும் விட்டத்தையும் நாணயத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாடாளுமன்ற நாணயத்தின் விட்டம் 44 மில்லிமீட்டர். விளிம்பில் 200 வரிகள் இருக்க வேண்டும். பழைய நாணயங்களை வாங்கவும் விற்கவும் தனது பெயரைச் சொல்லிக் கட்டணமோ தரகோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்துள்ளது. இத்தகைய பரிவர்த்தனைகளில் தான் ஈடுபடுவதில்லை என்றும், எவருக்கும் அதற்கான அதிகாரத்தை வழங்கவில்லை என்றும் அவ்வங்கி தெளிவுபடுத்தியுள்ளது.