தூரிகை பிடிப்போர்க்கு இணையம் தரும் துணை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடலைப் பேணுதற்கே இப்பழமொழியைப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். ஆயின், சித்திரம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அதன் உண்மை வேறொரு வகையிற் புலப்பட்டதை நாம் நேரிற் கண்டோம். அதனை முதலிற் கூறிப் பின்னர் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவது பொருந்தும்.

எம்மிடம் பல ஆண்டுகளுக்கு முன்னர் கல்வி பயின்ற மாணாக்கர் ஒருவர் இன்று ஓவியத்தாலேயே சீவனம் நடத்துகின்றார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும், மணவறைக்குப் பின்திரை தீட்டுவதும், பாடசாலை நாடகங்களுக்குக் காட்சி அமைப்பதும் அவரது தொழிலாக இருந்தன. பெருந்திரைகளை ஒரே நாளில் அச்சிட்டுத் தரும் இயந்திரங்கள் பெருகிய பின்னர் அவ்வேலைகள் அருகிவிட்டன. உருவப்படம் தீட்டிக் கொடுப்பது ஒன்றே அவருக்குப் பெரிதும் எஞ்சிய வருவாய்.

ஒரு குடும்பத்தார், காலஞ்சென்ற தம் அன்னையின் படத்தை நீர்வர்ணத்தில் தீட்டித் தருமாறு அவரை வேண்டினர். கூறைச்சேலையும் நெற்றிப் பொட்டும் துலங்க அவர் தீட்டிய படத்தைக் கண்டு கண்கலங்கி, அதனை வெயில் படும் முன்கூடத்துச் சுவரில் மாட்டினர். இரண்டு ஆண்டுகள் கழியுமுன்னே கூறையின் சிவப்பு வெளிறிற்று. கன்னத்தின் செம்மை மறைந்து முகம் நோயுற்றதுபோல் ஆயிற்று. பொட்டு இருந்த இடமோ மங்கிய கறையாயிற்று. சுமங்கலியாய்ப் போன தாயின் பொட்டு அழிவதை எந்தப் பிள்ளைகள்தாம் பார்த்துக்கொண்டிருப்பர்? அவர்கள் ஏசவில்லை, பணத்தையும் கேட்கவில்லை. படத்தைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயினர்.

அன்று மாலை அவர் எம் இல்லத்துக்கு வந்தார். “சேர், கை பிழைக்கவில்லை, வர்ணம் பிழைத்துவிட்டது. இனி இந்தத் தொழில் வேண்டாம் என்று நினைக்கிறேன்” என்றார்.

“நீர் பாவித்த வர்ணத்தின் பெயர் என்ன, தம்பி?” என வினவினோம்.

“கிறிம்சன் என்று குழாயில் எழுதியிருந்தது, சேர்.”

“அது விற்பவன் இட்ட பெயர். உள்ளே இருக்கும் பொருள் எது?”

அவர் விடை அறியார், நாமும் அறியோம். அவ்வினாவுக்கு விடை தேடி அவ்விடுமுறையில் இருவரும் கணினிக்கு முன் அமர்ந்தோம். அத்தேடலிற் கிடைத்தவற்றுட் சிலவற்றையே இங்கு வாசக அன்பர்க்கு முன்வைக்கின்றோம்.

வர்ணத்தின் உண்மைப் பெயர்

முதலில் எமக்குக் கைகொடுத்தது ‘ஹான்ட்பிறின்ட்’ என்னும் தளம். புரூஸ் மக்கெவோய் என்னும் அமெரிக்கர் தனியொருவராக உழைத்து அமைத்த இத்தளத்தில் நீர்வர்ணங்கள் பற்றிய செய்திகள் ஒரு பெருநூலளவிற்கு விரிந்து கிடக்கின்றன. வர்ணங்களைத் தாமே தாளிற் பூசி, வெயிலிற் காயவைத்து, எது நிலைத்தது, எது வெளிறியது என அவர் பதிந்து வைத்துள்ளார்.

வர்ணக் குழாயின் பக்கத்திலே மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருப்பதை அங்கேதான் அறிந்தோம். ‘பி’ என்பது நிறப்பொருளையும், அடுத்துவரும் எழுத்து நிறத்தையும், எண் குறித்த பொருளையும் சுட்டும். நம் நண்பர் தமது பழைய குழாயைக் கொண்டுவந்து கண்ணாடி வைத்துப் பார்த்தார். ‘பி.ஆர். 83’ என்று இருந்தது. அதுவே அலிசரின் என்னும் சிவப்பு. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் இயற்கையாக உள்ள இச்சாயப்பொருளை 1868ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் செயற்கையாக ஆக்கினர். பார்வைக்கு மிக அழகியது. எனினும் மெல்லிதாகப் பூசி வெயிலில் வைத்தால் நிலைக்காது. அதற்கு ஈடாகப் பலர் பாவிக்கும் ‘பி.வி. 19’ என்னும் குவினக்கிறிடோன் நிறமோ ஒளியை நன்கு தாங்கவல்லது.

இதனைச் சோதிப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. ஒரு தாட்கீற்றில் வர்ணத்தை மெல்லிதாகப் பூசி, அதன் பாதியைத் தடித்த கறுப்பு மட்டையால் மூடி, வெயில் படும் யன்னலில் ஒட்டிச் சில மாதங்கள் விட்டுவிடலாம். மட்டையை நீக்கும்போது இரு பாதிகளும் ஒன்றுபோல் இருந்தால் அவ்வர்ணத்தை நம்பலாம். சித்திரம் பயிலும் மாணாக்கர் ஒவ்வொருவரும் செய்து பார்க்கத்தக்க பரீட்சை இது.

வான் கோவும் அறிந்த துயர்

“இத்தகைய தவறு எனக்கு மட்டுந்தானா?” என்று நண்பர் ஒருநாள் கேட்டார். அதற்கு விடை வின்சன்ட் வான் கோவின் கடிதங்களிலே கிடைத்தது. அவ்வோவியர் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமாக 902 கடிதங்கள், ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கத்துடனும், 2009ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

ஆர்ல் நகரில் 1888ஆம் ஆண்டு தாம் தீட்டிய படுக்கையறைப் படத்தின் சுவர்கள் வெளிறிய ஊதா நிறம் என்று அவர் தம் தம்பி தியோவுக்கு எழுதினார். இன்று அப்படத்தைப் பார்ப்போர் நீலச் சுவரையே காண்கின்றனர். ஊதாவிற் கலந்திருந்த சிவப்பு ஒளிபட்டு மறைந்துவிட, நீலம் மட்டும் எஞ்சிற்று. தம் காலத்துப் புதிய வர்ணங்கள் நிலையற்றவை என்பதை வான் கோ அறியாதவரல்லர்; காலம் அவற்றைத் தணிக்கும் ஆதலால் அழுத்தமாகவே பூசவேண்டும் என்றும் அவர் எழுதியுள்ளார். வர்ணத்துக்குக் கட்டளையிட்ட பட்டியல்களும், கடன் பற்றிய கவலைகளும், கடிதத்தின் இடையே பேனாவாற் கீறிய சிறு படங்களும் நிறைந்த இத்தொகுதியை வாசிப்பவர், மேதையொருவரைக் காண்பதிலும் மேலாக உழைக்கும் தொழிலாளி ஒருவரைக் காண்பர். நம் நண்பர் இதனை வாசித்த பின்னரே தொழிலை விடுவது பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

திறந்துவிட்ட கலைக்கூடங்கள்

நம் ஊர்களில் ஓவியம் பயில்வோர்க்குக் கைத்திறன் குறைந்ததில்லை. சிறந்த மூலப்படங்களைக் காணும் வாய்ப்பே குறைந்திருந்தது. மங்கலாய் அச்சான சிறு படத்தைப் பார்த்தே ஒரு தலைமுறை கற்றது. அக்குறை இன்று பெரிதும் நீங்கிவிட்டது.

ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரடாம் நகரில் உள்ள றைக்ஸ் மியூசியம் 2012ஆம் ஆண்டில் 1,25,000 கலைப்பொருள்களின் தெளிவான படங்களை எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தது. றெம்பிறான்ட் 1642இல் தீட்டிய ‘இராக்காவல்’ என்னும் பேரோவியம் அங்கேதான் உளது. ஏறக்குறைய 3.8 மீற்றர் உயரமும் 4.5 மீற்றர் அகலமும் உடைய அதனை 8,439 பகுதிகளாகப் புகைப்படமெடுத்து, ஒன்றாக இணைத்து, 71,700 கோடி புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022இல் வெளியிட்டனர். கணினியிலே அதனைப் பெருப்பித்துக்கொண்டே போனால், துணைத்தளபதியின் மஞ்சள் உடையில் உள்ள சரிகை வேலை தடித்த வர்ணத்தின் மேடுபள்ளமாக மாறுவதைக் காணலாம். அருகிற் பார்த்தால் வெறும் வர்ணக் கட்டி. தூரத்திற் பார்த்தால் பொற்சரிகை. நூதனசாலைக்கே சென்றாலும் படத்துக்கு இத்தனை அருகில் முகத்தை வைக்க எவரும் விடார்!

நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017ஆம் ஆண்டில் 3,75,000 படங்களையும், வாஷிங்டனின் சிமித்சோனியன் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் 28 இலட்சம் படங்களையும் உரிமைக் கட்டுப்பாடின்றி வழங்கின. இவற்றைப் பார்த்து வரையலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தேடுபொறியிற் காணும் படமெல்லாம் பொதுச்சொத்தாகா. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை பொதுவாக அதனை ஆக்கியோரின் வாழ்நாளுக்கும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளுக்கும் உரியது. பிறர் உழைப்பைக் கேளாமல் எடுத்தல் தொழிலாளிக்கு அழகன்று. தம் உழைப்பையும் பிறர் அவ்வாறே எடுப்பர் அல்லவா?

கையைப் பழக்கும் தளங்கள்

ஓடும் குதிரையைப் பண்டை ஓவியர் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி, பறப்பதுபோல் வரைந்தனர். 1878ஆம் ஆண்டில் எட்வர்ட் மைபிறிட்ஜ் என்பவர் தொடர்ச்சியாகப் புகைப்படங்கள் எடுத்து, நான்கு குளம்புகளும் நிலத்தை விட்டெழுவது உண்மையே எனினும், அக்கணத்திற் கால்கள் வயிற்றின்கீழ் மடங்கியிருக்கின்றன என்று காட்டினார். மனிதரும் விலங்குகளும் நடப்பதையும் ஓடுவதையும் காட்டும் 781 படத்தகடுகளை அவர் 1887இல் வெளியிட்டார். அவை இப்பொழுது இணையத்திற் பார்த்து வரையக் கிடைக்கின்றன.

‘லைன் ஒப் அக்‌ஷன்’ என்னும் தளமோ விளையாட்டுப்போல் அமைந்தது. மனித உருவம் ஒன்று திரையில் தோன்றும். அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ அது மறைந்து வேறொன்று வரும். அதற்குள் அவ்வுருவின் அசைவைத் தாளிற் பிடித்துவிடவேண்டும். முதல் நாள் எவரும் தோற்பர். ஒரு திங்கள் கழிந்தாற் கையின் தயக்கம் குறையும். பிள்ளைகளும் பெற்றோரும் மேசையைச் சுற்றியிருந்து போட்டியாக வரைந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை இனிதே கழியும். ‘புறோக்கோ’ என்னும் பெயரில் ஸ்ரான் புறோக்கோபென்கோ யூடியூபில் நடத்தும் பாடங்கள், எலும்பையும் தசையையும் நகைச்சுவை கலந்து கற்பிக்கின்றன. புத்தகமே சிறந்தது என்பார்க்கு, ஹரல்ட் ஸ்பீட் 1913இல் எழுதிய சித்திரப் பயிற்சி நூல் ‘புறொஜெக்ற் குற்றன்பேர்க்’ தளத்தில் முழுமையாக இருக்கின்றது.

பொழுதும் போகும், பயனும் உண்டு

வர்ணங்களுக்குப் பெயரிடும் பழைய நூலொன்று உண்டு. வேர்னர் என்னும் கனிப்பொருள் அறிஞரின் முறையைத் தழுவி, பற்றிக் சைம் என்னும் ஸ்கொத்லாந்து ஓவியர் 1814இல் அதனை வெளியிட்டார். 1821இல் வந்த இரண்டாம் பதிப்பில் 110 நிறங்கள் உள்ளன. ஒவ்வொரு நிறமும் எந்த விலங்கிலும், எந்தத் தாவரத்திலும், எந்தக் கனிப்பொருளிலும் காணப்படும் என்று அதில் வகுத்திருக்கிறது. நீலம் ஒன்றற்கு வாத்தின் சிறகிலுள்ள புள்ளியைக் காட்டுகிறார். ‘பீகிள்’ கப்பலில் உலகஞ் சுற்றிய டார்வின் இதனையே உடன் கொண்டு சென்றார். இணையத்தில் இந்நூலைப் புரட்டும் பிள்ளைகள், நம் முற்றத்து மாம்பூவுக்கும் கொன்றைக்கும் மீன்கொத்திக்கும் உரிய நிறங்களைத் தாமே பட்டியலிட்டால் கண்ணும் கூர்மை பெறும். தமிழ்ச் சொல்வளமும் பெருகும்.

2006இல் தொடங்கிய பல்லுயிர் மரபு நூலகம் என்னும் தளத்தில் செடிகொடிகளையும் பறவைகளையும் காட்டும் பழைய நூல்கள் எண்ணிறந்தன. இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஹென்றி திரிமன் 1893 முதல் வெளியிட்ட நூலும் அங்கு உளது. அந்நூலுக்கான படங்களை வரைந்தோர், பேராதனைப் பூங்காவிற் பரம்பரையாக ஓவியத்தொழில் செய்த டி அல்விஸ் குடும்பத்தார் என்பது நாம் பெருமைப்படவேண்டிய செய்தி. நம் நாட்டுக் கைவினைஞர் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ இணைய ஆவணகத்திற் கிடைக்கின்றது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005ஆம் ஆண்டு முதல் திரட்டிவரும் ‘நூலகம்’ தளத்தில், நம்மவர் வரைந்த பழைய அட்டைப்படங்களையும் கதைச்சித்திரங்களையும் கண்டு மகிழலாம்.

பார்த்தல் வேறு, வரைதல் வேறு

இத்தனையும் கூறியபின் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். இணையம் ஓர் ஆசிரியர் வீடு போன்றது. தாளும் பென்சிலும் கொண்டு செல்வோர்க்கு அது கற்பிக்கும். வெறுங்கையுடன் செல்வோரைப் பேச்சிலே மயக்கிப் பொழுதைப் போக்கிவிடும். ஆயிரம் படங்களைச் சேமித்துவைத்து ஒன்றையேனும் வரையாதவர், அரிசியை அளந்துகொண்டேயிருந்து உலையேற்றாதவரை ஒப்பர். ஆகையால் நம் நண்பர் தமக்கென ஒரு நியதி வகுத்துக்கொண்டார்: திரைக்கு முன் அரை மணித்தியாலம், தாளுக்கு முன் இரண்டு மணித்தியாலம்.

அவ்வன்னையின் படத்தை அவர் மீண்டும் தீட்டினார். வேறு சிவப்பைத் தேர்ந்து, அதே வர்ணத்தைப் பூசிய தாட்கீற்றைத் தம் யன்னலில் ஒட்டி ஆறு மாதம் பார்த்திருந்து, அதன் பின்னரே கூறைக்கும் பொட்டுக்கும் வர்ணமிட்டார். கூலி வாங்க மறுத்து, வெயில் படாத சுவரில் மாட்டுமாறு கேட்டுக்கொண்டு, அக்குடும்பத்தாரிடம் கொடுத்தார். அத்தாட்கீற்றின் ஒரு பாதியை எமக்கும் தந்தார். வகுப்பறை யன்னலில் அது இன்றும் ஒட்டியிருக்கின்றது. அதன் சிவப்பு இன்னும் மங்கவில்லை.