வாவிக்கரை வீதியில் ஒரு லீற்றர் பெற்றோல்

மட்டக்களப்பு வாவியிலே தோணி வலித்துப் பழகியவருக்கு நாம் பௌதிகம் கற்பிக்க வேண்டுவதில்லை. மெல்ல வலித்தால் நீர் வழிவிடுகின்றது. விரைந்து வலித்தால் எதிர்த்து நிற்கின்றது. முன்னும் பின்னும் ஒடுங்கிய தோணி வழுக்கிச் செல்கின்றது. தட்டையான தெப்பமோ கை சோரச் செய்கின்றது. கச்சான் எதிரே வீசும் நாளில் வழக்கமான தூரமே இரட்டிப்பானது போலத் தோன்றுகின்றது. இம்மூன்று உண்மைகளும் கரையேறி வீதியிலே மோட்டார்க் கார் ஓட்டுபவருக்கும் அப்படியே பொருந்தும். நீருக்குப் பதிலாக அங்கே காற்று இருக்கின்றது, அவ்வளவே வேறுபாடு. காற்று கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் அதனை நாம் மறந்துவிடுகின்றோம். ஆயினும் அதற்குரிய கூலியைப் பெற்றோலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றோம்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்தது. இரண்டு நாள் கழிந்ததும், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு விற்பனையே நிறுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தபோது, வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்பட்டது. ஆனால் அந்த ஐந்து லீற்றரை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓடிக் குடும்பத்தைக் காத்தவருக்கு, லீற்றருக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர் கூட ஓடுமா என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. அடுப்பிலே உலை ஏறுமா என்ற கேள்வியே அது.

அக்கேள்விக்கு விடைதேடி, வாகனத்தின் உருவத்தை மாற்றுவோரும் பற்சக்கரங்களை மாற்றுவோரும் உலகெங்கும் இருக்கின்றனர். இவ்விரு வழிகளுள் நமது வாவிக்கரைக்கு ஏற்றது எது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிலே கணக்கைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1100 கிலோ நிறையுள்ள ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம். சமதரையில் அதனை ஒரே வேகத்தில் ஓட்டும்போது இரண்டு தடைகள் எதிர்க்கின்றன. ஒன்று, சில்லுகள் உருள்வதற்கான தடை. ரயர் தரையில் நசுங்கி நசுங்கி மீள்வதால் உண்டாவது அது. வேகம் எதுவாயினும் அது பெரிதாக மாறுவதில்லை. ஏறத்தாழ 13 கிலோப் பாரத்தைத் தூக்குவதற்கு வேண்டிய விசை என்று கொள்ளலாம். மற்றையது காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்வது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். நமது சிறு காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றரில் அது 8 கிலோ. 80இல் 20 கிலோ. 100இல் 32 கிலோ. ஏறத்தாழ 64 கிலோமீற்றர் வேகத்திலேதான் இரு தடைகளும் சமமாகின்றன. அதற்குக் கீழே நாம் பெரும்பாலும் ரயருடன் போராடுகின்றோம். அதற்கு மேலே காற்றுடன் போராடுகின்றோம்.

காற்றுடன் போராடும் கலை மிகப் பழையது. 1921ஆம் ஆண்டிலே எட்மண்ட் ரும்ப்ளர் என்பவர் பேர்லின் மோட்டார்க் கண்காட்சியில் நீர்த்துளி வடிவான கார் ஒன்றைக் காட்டினார். பல்லாண்டுகள் கழித்து, 1979இல் அக்காரை வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது, அதன் தடைக் குணகம் 0.28 என்று கண்டு பொறியியலாளர் வியந்தனர். அக்காலத்துப் பெட்டி வடிவக் கார்கள் எவையும் அதனை நெருங்கியதில்லை. பின்னர் ஜேர்மனியரான வுனிபால்ட் காம் என்பவர், நீண்ட வால் முழுவதும் வேண்டியதில்லை. உரிய இடத்தில் அதனை நறுக்கிவிட்டாலும் பயனிற் பெரும்பகுதி கிடைக்கும் என்று காட்டினார். நமது வீதிகளில் ஓடும் பிரியஸ் காரின் பின்புறம் உயர்ந்து, சடுதியாக வெட்டுண்டு நிற்பதன் காரணம் இதுவே. 2009இல் வெளிவந்த பிரியஸின் தடைக் குணகம் 0.25.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். காரின் முகம் காற்றைக் கிழிப்பதிலும் பார்க்க, அதன் முதுகு காற்றை அமைதியாக விட்டுப் பிரிவதே முக்கியம். பின்னால் சுழித்துக் குழம்பும் காற்று வாகனத்தைப் பிடித்து இழுக்கின்றது. தோணியின் பின்புறத்திலே சுழியும் நுரையும் மிகுந்தால் வலிப்பவர் உழைப்பு வீணாகின்றது என்பதை அறிந்தவருக்கு இது புதிதன்று.

ஆகவே உருவத்தைத் திருத்த விரும்புவோர், அடிப்புறத்தைத் தட்டையான தகட்டால் மூடுவர். சில்லுகளுக்கு வட்ட மூடிகள் இடுவர். முன்புறக் காற்றுவாயிலை ஓரளவு அடைப்பர். பின்னால் வால் பொருத்துவோரும் உளர். இவற்றால் காற்றுத் தடை பத்தில் ஒரு பங்கு குறைந்ததென்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடுபவருக்கு மொத்தத் தடையிலே நூற்றுக்கு 7 பங்கு குறையும். 50 கிலோமீற்றரில் ஓடுபவருக்கோ 4 பங்குகூட இல்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று ஊரோடு ஊர் ஒட்டிய வீதியிலே, நின்று நின்று செல்பவருக்கு அதுவும் கிடைப்பது அரிது. அன்றியும் நமது வெப்பத்திலே முன்வாயிலை அடைத்தால் இயந்திரம் கொதிக்கும். அறுவடைக் காலத்தில் படுவான்கரைப் பாதைகளில் ஓடுபவர் அடித்தகடு பொருத்தினால், வைக்கோல் அதற்குள் அடைந்து, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும். வாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை. முதலில் அது சட்டத்துக்கு அமையுமா என்று விசாரித்தறிய வேண்டும்.

ஆயினும் செலவில்லாத திருத்தம் ஒன்று உண்டு. கூரைமேல் வெறுமனே கிடக்கும் கரியரைக் கழற்றி வீட்டில் வைப்பதே அது. சுமை ஏற்றாத நாளிலும் அது காற்றைக் குழப்பிக்கொண்டுதான் இருக்கின்றது.

இனிக் கச்சானைப் பார்ப்போம். வாழைச்சேனையிலிருந்து புணானை வழியாக வெலிக்கந்தை நோக்கியோ, செங்கலடியிலிருந்து மகாஓயா நோக்கியோ செல்பவருக்கு அது எதிர்க்காற்று. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகமுள்ள கச்சானை எதிர்த்து 60இல் ஓடுபவர், காற்றைப் பொறுத்தவரை 80இல் ஓடுகின்றார். 11 அல்லது 12 கிலோவாக இருந்த தடை 20 கிலோவாகின்றது. ‘திரும்பி வரும்போது காற்று தள்ளிவிடும், கணக்குச் சரியாகிவிடும்’ என்று சிலர் எண்ணுவர். அது சரியாவதில்லை. வரும்போது தடை 5 கிலோவாகக் குறைகின்றது. போக்கும் வரவும் சேர்த்து 25. காற்றில்லா நாளிலோ 23. எடுத்த கடனைக் கச்சான் முழுவதும் திருப்பித் தருவதில்லை. எனவே எதிர்க்காற்றிலே வேகத்தைச் சற்றுக் குறைப்பவரே இலாபம் அடைகின்றார்.

அடுத்தது பற்சக்கரம். பெற்றோல் இயந்திரம் தனக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை வெப்பமாகவே இழக்கின்றது. சிறு வேலைக்கு விரைந்து சுழலும்போது இழப்பு இன்னும் அதிகம். ஏனெனில், அப்போது காற்று நுழையும் வழி பாதி மூடிக் கிடக்கின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுப்பது போல இயந்திரம் திணறுகின்றது. அதே வேகத்தை உயர்ந்த கியரில், குறைந்த சுழற்சியில், வழியைச் சற்று அகலத் திறந்து பெற்றால் அந்த வீண் உழைப்புக் குறைகின்றது. துவிச்சக்கர வண்டியிலே வேகமாகக் கால்களைச் சுழற்றிக் களைப்பதிலும், பெரிய பற்சக்கரத்தை நிதானமாக மிதிப்பது சமதரையில் இலகுவன்றோ?

இலங்கையர் நன்கறிந்த மொரிஸ் மைனர் கார் இதற்குச் சிறந்த சான்று. 948 கனசென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டிய காலத்தில் அதன் பின்னச்சுப் பல்விகிதம் 4.55. 1962இல் 1098 கனசென்ரிமீற்றர் இயந்திரம் வந்தபோது அதனை 4.22 ஆக்கினார்கள். முன்பு 100 சுற்றுச் சுழன்ற இயந்திரம் அதே வேகத்திற்கு 93 சுற்றுச் சுழன்றாற் போதும். இயந்திரத்தின் வலுக் கூடியபோதுதான் உற்பத்தியாளர் விகிதத்தை மாற்றினர் என்பதை நாம் மறத்தலாகாது. வலுவுக்கு மீறிய பற்சக்கரம், பலமற்ற மாட்டைப் பெரிய வண்டியிற் பூட்டுவதை ஒக்கும்.

மோட்டார் சைக்கிளில் இம்மாற்றம் எளிது. முன்பற்சக்கரத்தில் 14 பற்கள் இருக்குமிடத்தில் 15 பற்கள் வைத்தால் சுழற்சி நூற்றுக்கு 7 பங்கு அளவிற் குறையும். மேடற்ற நமது வாவிக்கரைக்கு இது பொருந்தும். பதுளை மலையேறுபவருக்குப் பொருந்தாது. மீன்பெட்டியும் பின்னால் ஓர் ஆளுமாகச் செல்பவர், புறப்படும்போது கிளச்சைத் தேய்த்து, எதிர்க்காற்றில் அடிக்கடி கியர் இறக்க நேருமாயின், பெற்ற இலாபம் அங்கேயே தொலையும். காரிலே பெரிய ரயர் பூட்டி இதே பயனைப் பெற முயல்வோர் வேறொன்றையும் அறிய வேண்டும். அப்போது வேகமானி குறைவாகவே காட்டும்; தூரமானியும் குறைத்தே எண்ணும். ஓட்டுபவர் வேகத்திலும் ஏமாறுவார், கணக்கிலும் ஏமாறுவார்.

கணக்கு என்றதும் ஒரு வார்த்தை. திருத்தம் செய்த மறுநாளே ‘லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் கூடிற்று’ என்பவரை நம்ப வேண்டாம். தாங்கியை நிரப்பி ஓடி, அதே இடத்தில் மறுபடி நிரப்பி, சில வாரங்கள் கொப்பியிற் குறித்து வர வேண்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்பதை எவரும் அறியார்.

ஆகவே, நேயர்களே, வாவிக்கரையில் வாழும் நமக்கு முறை இதுவாகும். முதலில் ரயரின் காற்றைச் சரியான அளவில் வைத்திருத்தல். இரண்டாவது, இருக்கின்ற உயர்ந்த கியரைத் தக்க நேரத்திற் பயன்படுத்தி நிதானமாக ஓட்டுதல். மூன்றாவது, வலுவுக்கு ஏற்பப் பற்சக்கரத்தை மாற்றுதல். உருவத்தைத் திருத்துவது இவற்றுக்கெல்லாம் பின்னரே. நெடுஞ்சாலையில் விரைபவர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, படகுப் பாதைக்குக் காத்திருந்தோ வாவியைச் சுற்றியோ செல்ல வேண்டிய நிலை கொக்கட்டிச்சோலை மக்களுக்கு நீங்கிற்று. சுற்றிச் செல்லாத வழியிலே செலவாகாத பெற்றோலை எந்தத் தகடும் எந்தப் பற்சக்கரமும் மிச்சப்படுத்தித் தர முடியாது. அடுத்த முறை சாவியைத் திருப்புமுன், இந்தப் பயணம் வேண்டியதுதானா, இரண்டு வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடிக்கலாகாதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒவ்வொரு வீட்டாரும் அவ்வாறு எண்ணினால், அளந்து கொடுக்கும் காலம் மீண்டும் வந்தாலும் நமது அளவு நமக்குப் போதுமானதாக இருக்கும்.