உப்பளத்துப் பிள்ளை வரலாறு படிக்கக் கூடாதா?

மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்தக் கரையின் உப்பளங்களைப் பற்றிய குறிப்புகளும் அவற்றில் உண்டு. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அவ்வளவு பழைய ஊர், அவ்வளவு பழைய தொழில். அன்று பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர்கள் யார்? அவர்களுக்கு என்ன கூலி? எங்கே குடியிருந்தார்கள்? இந்தக் கேள்விகளை ஆராயும் படிப்புகள்தான் கல்வெட்டியல், தொல்லியல், மானிடவியல், சமூக வரலாறு. இவற்றைக் கேட்க, இன்றும் பாத்தியில் இறங்கும் வீடுகளின் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார் இருக்க முடியும்? ஆனால் அந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பம் போடத்தான் நம் பிள்ளைகள் மிகவும் அஞ்சுகிறார்கள்.

முதல் அச்சம் வீட்டிலேயே தொடங்குகிறது. பி.எட்., நர்சிங், காவலர் தேர்வு, குரூப் 4 என்றால் எல்லோருக்கும் புரியும். கல்வெட்டியல் என்றால், "அதைப் படிச்சா என்ன வேலை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாம் குறை சொல்ல முடியாது. அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டில், ஒரு பிள்ளை இன்னும் இரண்டாண்டு சம்பாதிக்காமல் இருப்பது பெரிய செலவு.

இரண்டாவது அச்சம் மாதக் கணக்கில் இருக்கிறது. உப்பளத்தில் வேலை நடப்பது வெயில் காலத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பரிலோ ஜனவரியிலோ வருகிறது. ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வுக்கு மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் தனி. வீட்டில் காசே இல்லாத மாதத்தில்தான் இத்தனையும் கேட்கிறார்கள். வசதியுள்ள மாணவர் எட்டு இடங்களுக்கு விண்ணப்பிப்பார். நம் பிள்ளை ஓர் இடத்துக்குப் போட்டுவிட்டு, அது கிடைக்குமோ கிடைக்காதோ என்று தூக்கம் இழப்பார்.

மூன்றாவது அச்சத்தை விதிகள் உண்டாக்குகின்றன.

2020 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வந்தது. எந்தெந்தச் செம்மொழிகளில் முதுகலை படித்தவர் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியலில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் இருந்தன, தமிழ் இல்லை. நாட்டின் கல்வெட்டுகளில் பெரும்பங்கு தமிழில் இருக்கும்போது இப்படி ஓர் அறிவிப்பு! தமிழகம் கண்டித்த பிறகு, சில நாட்களிலேயே தமிழும் பிற செம்மொழிகளும் சேர்க்கப்பட்டன.

இன்னொரு விதி அப்படி மாறவில்லை. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க ஒன்றிய அரசு தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 125 பேருக்குத்தான் இடம். 2022-இல் வந்த விதிமுறையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த உதவி கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். அவற்றைப் படிக்க இங்கேயே வசதி இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் காரணம் நிற்குமா என்று நம் உப்பை வைத்தே பார்ப்போம். சென்னை மாகாணத்தில் உப்பு விற்பனையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் தன் ஏகபோகமாக்கியது. கம்பெனியின் ஆவணங்களில் ஒரு பகுதி சென்னையில் இருக்கிறது. பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இந்தக் கரையின் உப்பளக் கூலிகளின் கதையை முழுதாக எழுத வேண்டுமானால் அங்கேயும் போகத்தான் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரை எண்ணிப் பாருங்கள். பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த மூன்றாண்டு உதவித்தொகையில் 1913-இல் அவர் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915-இல் முதுகலைக்கு அவர் எழுதிய ஆய்வு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. 1916 மே 9 அன்று மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை 'இந்தியாவில் சாதிகள்'. இரண்டும் இன்றைய விதிப்படி உதவி மறுக்கப்படும் தலைப்புகள். அன்று பரோடாவில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால்? அவருக்கும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920-இல்தான் மறுபடி போக முடிந்தது. 1923-இல் அங்கே டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

தேர்வான பிறகும் அச்சம் தீர்வதில்லை. 2025 ஜூலையில் இதே உதவித்தொகைக்கு 106 பேர் தேர்வானார்கள். முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் வந்தது. மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவருக்கு ஜூலையில் இந்தப் பதில் வந்தால் அவர் என்ன செய்வார்?

ஆகவே, விண்ணப்பிக்கும்போது நெஞ்சு படபடத்தால் அது உங்கள் திறமைக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். அதில் பாதிக்கு மேல் பிறர் போட்ட விதிகளும் தேதிகளும் உண்டாக்கியவை. அவற்றைத் தெரிந்துகொண்டால், திறந்திருக்கும் வழிகளும் தெரியும்.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சமூக அறிவியலும் மானுடவியல் துறைகளும் இதில் உண்டு. பல பல்கலைக்கழகங்கள், வருமானத்தைக் காட்டிக் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்குத் தனித் துறை உண்டு. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் வந்துவிடும். அங்கே மானிடவியலும் வரலாறும் படிக்கலாம். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. ஆய்வில் சேர்ந்து நெட் தேர்வில் தகுதி பெற்றால் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு.

கிராமத்துக் கல்லூரியில் படித்தவர்கள் பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது என்று தயங்குகிறார்கள். உங்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரிடமே கேளுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காமல் இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் கட்டுரையில் பெரிய பெரிய சொற்கள் தேவையில்லை. பாத்தி எப்படி மிதித்துக் கட்டுவார்கள், நீர் எப்போது முற்றி உப்பாகும் என்பதெல்லாம் உங்கள் வீட்டுக்குத் தெரியும். அது வேறு எந்த விண்ணப்பதாரருக்கும் இல்லாத அறிவு. அதை எழுதுங்கள்.

ஒன்றிய அரசிடம் நாம் கேட்பது இதுதான்: தலைப்பைக் காட்டி உதவி மறுக்கும் விதியை நீக்க வேண்டும்; தேர்வானவர்களுக்கு நிதியை உறுதி செய்த பிறகே கடிதம் அனுப்ப வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. திண்டிவனம், விழுப்புரம் அரசுக் கல்லூரிகளில் உயர்கல்வி விண்ணப்பத்துக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும்.

அதுவரை மாணவர்கள் காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் மூன்றுக்கும் ஆகஸ்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் சான்றிதழுக்கு அலையவும் பேருந்துக் காசு இருக்காது.